சீக்கிரம் நிற்கும் மாதவிடாயும் ஏறும் இடுப்பளவும்

2013-ஆம் ஆண்டு கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழு வீடு வீடாகப் போனது. தேர்தல் வேலைக்காக அல்ல. 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, வயது என்ன, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, உடம்பு அசையும் வேலை எவ்வளவு என்று கேட்டார்கள். பிறகு இடுப்பில் டேப் வைத்து அளந்தார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆய்வு மையம் 2005-இல் உருவாக்கிய நீரிழிவு அபாயக் கணக்கு அது. ரத்தம் எடுக்க வேண்டாம், ஊசி வேண்டாம். நான்கே விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். 60-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட 1,007 பேரை வைத்துத்தான் கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடந்தது. தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் பாதியில் மாதந்தோறும் கூட்டங்கள் நடந்தன. மறுபாதிக்குச் சிறு கையேடும் வழக்கமான அறிவுரையும் மட்டும் கிடைத்தன. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தைச் சேர்ந்த கே.ஆர். தங்கப்பனும், ஆஸ்திரேலியாவின் பிரையன் ஓல்டன்பர்க்கும் அதை முன்னின்று நடத்தினார்கள். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே வாழ்கிறவர்களின் எடை, இடுப்பு, உணவு பற்றி இவ்வளவு ஒழுங்காக எடுக்கப்பட்ட கணக்கு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அந்த ஆய்வில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள். சேர்ந்தவர்களின் சராசரி வயது 46. இந்திய மாதவிடாய் நிறைவுச் சங்கம் நாடு முழுவதும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46.2. அதாவது இந்தக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்த பெண்களில் பலர், உடம்பின் கொழுப்பு இடம் மாறும் அந்தச் சில ஆண்டுகளுக்குள்ளேதான் இருந்திருக்க வேண்டும். சிலர் அதை முன்பே கடந்திருப்பார்கள். ஆனால் நூறு மதிப்பெண் கணக்கில் மாதவிடாய் பற்றி ஒரு கேள்வி கிடையாது. 38 வயதில் மாதவிடாய் நின்றுபோனவளுக்கும், 38 வயதில் ஒழுங்காக வந்துகொண்டிருப்பவளுக்கும் வயதுக் கட்டத்தில் ஒரே 20 மதிப்பெண்தான். கணக்கைக் குறை சொல்வதற்கில்லை. அது எளிமைக்காகச் செய்யப்பட்டது. ஆனால் அந்த இரண்டு உடம்பும் ஒன்றல்ல.

தமிழ்நாடு–கேரள எல்லைக் கிராமங்களில் பெண்கள் இதை எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னால் விஷயம் தெளிவாகப் புரியும். "எக்கா, சோத்தைப் பாதியாக் கொறச்சாச்சு. எடையும் பெருசா ஏறல்ல. ஆனா பாவாடை நாடா எட்ட மாட்டேங்குது" என்பாள் ஒருத்தி. "ஒனக்கு மாசம் ஒழுங்கா வருதா பிள்ளே?" என்று கேட்கத் தெரிந்த அக்காள் பக்கத்தில் இருந்தால் அவள் கொடுத்துவைத்தவள். பெரும்பாலும், "வெறும் வயித்துல சுடுதண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்ற பதில்தான் கிடைக்கும்.

அவள் சொன்னதில் ஒரு மருத்துவக் குறிப்பே இருக்கிறது. எடை மெஷினில் அதே எண். நாடா மட்டும் எட்டவில்லை.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைப் பைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அவை மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். அதன் பிறகு மாதம் ஒன்று வீதம் வாழ்நாளில் நானூறு, ஐந்நூறு முட்டைகளே வெளியேறும். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் கரைந்துபோகும். கையிருப்பு ஏறக்குறைய ஆயிரத்துக்கு வந்துவிட்டால் மாதவிடாய் நிற்கிறது. வளர்கிற முட்டைப் பையைச் சுற்றியிருக்கும் செல்கள்தான் எஸ்ட்ரடியோல் என்ற வலுவான ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை. பை இல்லையென்றால் சுரப்பும் இல்லை.

45 வயதுக்கு முன்னால் நின்றால் அது சீக்கிர மாதவிடாய் நிறைவு. 40-க்கு முன்னால் என்றால் சினைப்பைச் செயல் குறைவு என்று தனியாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே சினைப்பை முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது; நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்கள் வரை பின்னர் தானாகவே கருத்தரிக்கிறார்கள். இது அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம். 1998–99 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவுகளை பெங்களூரு சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் அலசியபோது, 35 முதல் 39 வயதுக்குள் இருந்த பெண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேர் மாதவிடாய் நின்றுவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஆந்திரத்தில் இது மிக அதிகம், கேரளத்தில் குறைவு. வறுமை, படிப்பின்மை, உடம்புக்கு ஒட்டாத உணவு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு இருப்பதாகவே இந்தியத் தரவுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

காரணங்கள் பல. அம்மாவுக்கோ அக்காளுக்கோ சீக்கிரம் நின்றிருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சினைப்பையைத் தாக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் தைராய்டும் பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ் குரோமோசோம் குறைபாடுகள், புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிர்வீச்சு, புகை, இன்னும் சில. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணமே தெரிவதில்லை.

அறுவை சிகிச்சை பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஹார்மோன் நிற்காது; சினைப்பைகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சிலருக்குச் சில ஆண்டுகள் முந்தி ஓய்வதைத் தவிர. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வற்றிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆபரேஷன் செய்துகொண்ட பல பெண்களுக்கு யாரும் விளக்குவதில்லை. "கர்ப்பப்பைய எடுத்தாச்சு" என்பதோடு முடிந்துவிடுகிறது. அலமாரியில் மடித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பி.எஸ்.ஓ. என்று மூன்று எழுத்து இருந்தால் இரண்டு சினைப்பைகளும் குழாய்களும் எடுக்கப்பட்டிருக்கின்றன. 38 வயதில் அந்த மூன்று எழுத்துக்காரி, 51 வயதில் இயல்பாக நின்றவளைவிடப் பதின்மூன்று ஆண்டுகள் கூடுதலாக ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழப்போகிறவள்.

இனி எடைக்கு வருவோம். "மாசம் நின்னதும் ஒடம்பு போட்டிரும்" என்பது எல்லோரும் நம்பும் சங்கதி. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்துவரும் ஸ்வான் ஆய்வு இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது. நடுவயதில் எடை மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்த ஏற்றம் வேகம் பிடிப்பதில்லை. வேகம் பிடிப்பது கொழுப்பு. மாதவிடாய் தடுமாறத் தொடங்கும் கட்டத்தில் கொழுப்பு சேரும் வேகம் இரண்டு மடங்காகிறது, அதே நேரத்தில் தசை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை இது நீடிக்கிறது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, மெஷினில் நிற்கும் எண் பெரிதாக அசைவதில்லை. பாவாடை நாடாவுக்கு மட்டும் உண்மை தெரிகிறது.

"இந்த வயசுல ஒடம்பு எரிக்கிறது கொறஞ்சு போச்சு" என்று ஒரு விளக்கம் உண்டு. 2021-இல் ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அன்றாட ஆற்றல் செலவை அளந்து பார்த்தது. உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு மாறுவதே இல்லை; மாதவிடாய் நிறைவை ஒட்டியும் ஒரு சரிவு தெரியவில்லை. ஆக, அடுப்பு அணைந்துவிட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. அடுப்பின் பெரும்பகுதி தசைதான். அது சுருங்கினால் எரிப்பும் சுருங்கும், அதை வளர்க்கவும் முடியும்.

கொழுப்பு ஏன் வயிற்றுக்குப் போகிறது? ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை கொழுப்பு தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேர்கிறது. அது பெரிய கெடுதல் செய்யாத கொழுப்பு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் குடலைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாமல் போவது அங்கே ஆரம்பிக்கிறது. நமக்கு இது இன்னும் முக்கியம். ஒரே எடையில் ஐரோப்பியரைவிட நம் வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு உயர-எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25 என்றால் உடல் பருமன், இடுப்பு 80 சென்டிமீட்டர் எல்லை என்று நம் மருத்துவர்கள் 2009-இல் முடிவுசெய்தார்கள். 2019–21 கணக்கெடுப்பில் கேரளப் பெண்களில் 38 சதவீதம் பேர் அந்த 25-ஐத் தாண்டியிருந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 40 சதவீதம். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி கேரளத்தில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோய்.

இதோடு தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூளையின் அடியில் உடம்பின் சூட்டைக் கவனிக்கும் ஓர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது சிறு சூட்டையும் பெரும் காய்ச்சலாக எடுத்துக்கொண்டு, ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. பாலராமபுரத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற ஒருத்திக்கு மார்ச் மாத மத்தியானத்தில் அது வந்தால், கழுத்திலிருந்து நெற்றிவரை தீப்பிடித்த மாதிரி இருக்கும். இழை நனைந்துவிடுமோ என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். பகலைவிட இரவுதான் மோசம். இரண்டு மணிக்கு நனைந்து எழுந்து, விசிறியைக் கூட்டி, குறைத்து, விடியும்போது அசதி. தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் பசி அதிகம், அதிலும் இனிப்பும் எண்ணெயும்தான் கேட்கும். நாலு மணிக்குக் கட்டன் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் தேடுவது நாக்குருசி அல்ல, முந்தைய இரவின் கணக்கு.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். நாற்பதுக்கு முன்போ நாற்பத்தைந்துக்கு முன்போ மாதவிடாய் நின்ற பெண், "எடையை எப்படிக் குறைப்பது" என்று கேட்டுக்கொண்டு டாக்டரிடம் போனால், அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "என் உடம்பில் இல்லாமல் போன ஹார்மோனைத் திரும்பக் கொடுக்க முடியுமா?" என்பது. 2019-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், 50–51 வயதில் நின்றவர்களோடு ஒப்பிடும்போது, 40-க்கு முன் நின்றவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. 40–44-இல் நின்றவர்களுக்கு 1.3 மடங்கு. எலும்போ முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகக் கரைகிறது. இடுப்பளவு கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பும் ரத்தக்குழாயும் தெரிவதில்லை.

முதலில் பரிசோதனை. நான்கு மாதமாகத் தவறுகிறது என்றால், கருவுற்றிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடியோல், தைராய்டு, புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகள். மூளையடிச் சுரப்பி சினைப்பையைத் தூண்டுவதற்காக அனுப்பும் ஹார்மோன்தான் எஃப்.எஸ்.எச்.; சினைப்பை கேட்கவில்லையென்றால் அது கத்தத் தொடங்கும், அளவு ஏறும். 25-க்கு மேல் இருந்தால் சினைப்பைச் செயல் குறைவு என்று 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. தைராய்டை விட்டுவிடக் கூடாது. அது குறைந்தாலும் மாதவிடாய் தடுமாறும், எடை ஏறும், அசதி வரும். ஒரு மாத்திரையில் சரியாகக்கூடிய விஷயத்தை விதி என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஹார்மோன் மாத்திரை என்றதும் புற்றுநோய் பயம் வருகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002 ஜூலை. அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்று கூடுதலாக வந்தது என்று செய்தி பரவி, உலகமெங்கும் மாத்திரைகள் குப்பைக்குப் போயின. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. பெரும்பாலோர் இயல்பாக மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்கு மேலானவர்கள். அந்த முடிவை 37 வயதுப் பெண்ணின் மேல் ஏற்றுவது பெரிய அநியாயம். அவளுக்கு நாம் கூடுதலாக எதையும் கொடுக்கவில்லை; அவள் வயதுக்காரிகள் எல்லோருடைய உடம்பிலும் ஓடிக்கொண்டிருப்பதையே திருப்பிக் கொடுக்கிறோம். அதனால்தான் தடை ஏதும் இல்லாதவர்கள் ஐம்பது வயது வரையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்றைய வழிகாட்டிகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. எஸ்ட்ரடியோல் மாத்திரையாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. கர்ப்பப்பை இருப்பவர்கள் கூடவே புரோஜெஸ்டிரோனும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துவிடும். ஹார்மோன் எடுத்தால் குண்டாகிவிடுவோம் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. எடையைக் குறைக்கும் மருந்து என்றும் அதைச் சொல்ல முடியாது. ராத்திரித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். அது சிறிய உதவி அல்ல.

இப்போது அந்த நெய்யாற்றின்கரை ஆய்வின் முடிவைச் சொல்கிறேன். ஒரு வருடத்தில் 15 கூட்டங்கள். பத்து முதல் இருபது பேர் வரை ஒரு குழு. பெரும்பாலான கூட்டங்களை நடத்தியது டாக்டரோ நர்ஸோ அல்ல, பயிற்சி பெற்ற அதே ஊர்க்காரர்கள். குழுவுக்கு ஒரு ஆண், ஒரு பெண். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பேச்சு. சேர்ந்து நடப்பது, யோகா, வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கூட்டங்கள் நடந்த பகுதிகளில் 14.9 சதவீதத்தினருக்கும், நடக்காத பகுதிகளில் 17.1 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் உறுதியானதல்ல என்று ஆய்வாளர்களே 2018-இல் நேர்மையாக எழுதினார்கள். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது, உடம்பால் வேலை செய்யும் தெம்பு கூடியது, அபாய மதிப்பெண் இறங்கியது.

இதைத் தோல்வி என்று நான் படிக்கவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோயை 28.5 சதவீதம் குறைத்தன. அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. கிலோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த நன்மை கண்ணில் படாது. மாதவிடாய் சீக்கிரம் நின்றவளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்: தசை ஒரு கிலோ கூடி, வயிற்றுக் கொழுப்பு ஒரு கிலோ குறைந்தால் மெஷின் அசையாது. ஆனால் அவளுடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அசையும். அதனால் மாதம் ஒரு முறை இடுப்பை அளக்கச் சொல்வேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் ஒட்டியபடி. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்து பயனில்லை.

கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டங்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் வாரந்தோறும் கூடுகின்றன. நெய்யாற்றின்கரை ஆய்வின் பாடங்களைக் கேரள அரசு பின்னர் அந்தப் பெண்களிடம்தான் கொண்டுபோனது. சீட்டுக் கணக்கும் கடன் தவணையும் பேசுகிற அதே திண்ணையில், "ஒனக்கு எப்போ நின்னுது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டால் மருத்துவர்களால் முடியாத பாதி வேலை முடிந்துவிடும். 1956-இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனது. கோட்டின் இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்டு, ஒரே சந்தையில் மீன் வாங்கி வாழ்கிறவர்கள் இவர்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பெண் ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் இதைச் சொல்லத் தயங்குகிறாள் என்றால், கூட வருகிற ஒரு அக்காளோ சேச்சியோ போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த மண்ணின் உணவை விட்டுவிட்டு ஓட்ஸுக்கும் சாலட்டுக்கும் போகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனி, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பக்கத்து மக்களைப் பட்டினியிலிருந்து காத்தது. அந்த நன்றி என்றும் உண்டு. பச்சைக் கிழங்கு நூறு கிராமில் 38 கிராம் மாவுச்சத்து, ஒன்றரை கிராம்கூட புரதம் கிடையாது. முந்நூறு கிராம் கிழங்கை அவித்து, இரண்டு துண்டு மீன் வைத்துச் சாப்பிட்டால் வயல் வேலைக்காரருக்குச் சரி. தறியிலோ கடையிலோ உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்கு அந்த விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டும்: கிழங்கு இரண்டு துண்டு, சாளை ஐந்தாறு.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்தக் கட்டத்தில் ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். சாளை நூறு கிராமில் 20, இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் சிறுபயறு அவித்துப் புட்டோடு சாப்பிட்டால் 12, முந்நூறு மில்லி பாலோ தயிரோ 10, நாள் முழுவதும் சாப்பிடும் சம்பா அரிசிச் சோற்றிலிருந்து ஒரு பத்துப் பதினைந்து. வந்துவிட்டது. எதுவும் மார்த்தாண்டம் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்ட வேண்டும். மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்தால் நல்லது. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அடிக்கடி குறைக்க வேண்டியது வீட்டுச் சாப்பாட்டை அல்ல, சாயங்காலக் கடைப் பலகாரத்தையும் ராத்திரி பரோட்டாவையும்தான்.

சோற்றைப் பாதியாகக் குறைத்துப் பட்டினி கிடப்பவளுக்கு எடை இறங்கும், ஆனால் இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையாகப் போகும். ஏற்கெனவே தசை கரைகிற உடம்பில் இது நல்லதல்ல. ஆறு மாதத்தில் இருக்கும் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் போதும்; 65 கிலோ என்றால் மூன்றேகாலிலிருந்து நாலரை கிலோ. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்ஸெபடைடு, செமாக்ளுடைடு ஊசிகள் இதைவிட அதிகம் குறைக்கும். தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஊசியோடும் புரதமும் பளு தூக்குவதும் இல்லையென்றால் அதே தசைக் கதைதான்.

"வீட்டு வேலையெல்லாம் செய்யறேனே, அது போதாதா?" என்று கேட்பார்கள். வீட்டு வேலை அலுப்பைக் கொடுக்கும், தசையைக் கொடுக்காது, ஏனென்றால் பத்து வருடமாகத் தூக்குவது அதே குடம். தசை வளர வேண்டுமானால் பளு கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். நடை இதயத்துக்கு நல்லது. வாரம் 150 நிமிடம் நடக்கட்டும். அதற்கு மேல் வாரம் இரண்டு நாளாவது பளு. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். எளிதாகிவிட்டால் இரண்டு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி மார்போடு அணைத்துக்கொண்டு எழ வேண்டும். சுவரில் கையூன்றித் தள்ளுவது, படியில் ஒரு காலால் ஏறி இறங்குவது, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது. கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் அது பயிற்சி. எலும்பும் இந்த இழுப்பைக் கேட்டுத்தான் உறுதியாகிறது.

ஹார்மோன் எடுக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் சிகிச்சைக்குப் போகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, 36 வயதில் மாதவிடாய் நின்றவருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கக் கூடாது. அவருடைய மேல் சூட்டுக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. டாமாக்சிஃபென் எடுப்பவர்கள் சில மனச்சோர்வு மருந்துகளோடு அதைச் சேர்க்கக் கூடாது என்பதால், எந்த மாத்திரையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கால்சியமும் வைட்டமின் டி-யும் போதவில்லை என்றால் எலும்பைக் காக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவருக்கு மணல் பாட்டில் மற்றவர்களைவிட இன்னும் முக்கியம். சிகிச்சை முடிந்த முதல் மாதத்திலேயே, கை தூக்க முடிகிற அளவில், அரை லிட்டர் பாட்டிலிலிருந்து தொடங்கலாம்.